டிசம்பரில் கட்டிய பாலம்

எங்கள் மாவட்டத்துக்குப் பணம் வருவதில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வருகிறது. மண்ணில் கடப்பாரை இறங்காத மாதமாகப் பார்த்து வருகிறது.

இருபத்தாறு வருடமாக மாவட்ட அலுவலகத்தின் பட்ஜெட் பிரிவில் உட்கார்ந்திருக்கிறேன். கடைசி ஒன்பது வருடம் அதன் தலைவியாக. ஏப்ரலில் கிராமங்கள் தங்களுக்கு வேண்டியதை எழுதி அனுப்பும். அதில் பாதியை மே மாதம் நான் வெட்டுவேன். மிச்சத்தை ஆகஸ்டில் மாகாணத் தலைநகரத்துக்குத் தூக்கிக்கொண்டு போவேன். அங்கே என் பிள்ளை வயதுக்காரர்கள் ஏசி அறையில் உட்கார்ந்து, அதிலும் பாதியை வெட்டுவார்கள். டிசம்பரில் மாவட்ட மன்றம் கூடிக் கை தூக்கும். எதற்குக் கை தூக்குகிறோம் என்று ஒரு தடவை ஓர் உறுப்பினர் கேட்டார். அடுத்த தேர்தலில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை.

கொடுத்த பணத்தை டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் செலவழித்துவிட வேண்டும். மிச்சம் இருந்தால் மாகாணம் திரும்ப எடுத்துக்கொள்ளும். அதோடு விட்டால் பரவாயில்லை. ‘செலவழிக்கத் துப்பில்லாத மாவட்டம்’ என்று பெயர் வைத்து, அடுத்த வருடம் அந்த அளவுக்குக் குறைத்துத் தருவார்கள். மிச்சம் பிடிக்கிற மருமகளைத் திட்டுகிற மாமியாரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் அவளிடம்தான் வேலை பார்க்கிறேன். அதனால்தான் எங்கள் ஊரில் ஜனவரிப் பனிக்குள் புதுத் தார் ரோடு கிடக்கும், மார்ச்சில் பனியோடு சேர்ந்து அதுவும் உருகிப் போகும்.

துஸ்திபுலாக் எங்கள் மாவட்டத்தின் கடைசிக் கிராமம். நூற்று அறுபது வீடு. கரஸூ ஆற்றுக்கு அந்தப் பக்கம். கோடையில் அந்த ஆற்றில் ஆடுகூட வயிறு நனையாமல் நடந்து போகும். ஏப்ரலில் புல்வெளிப் பனி மொத்தமும் உருகி அதற்குள் வந்து விழும்போது, ஒரு கிலோமீட்டர் அகலத்துக்குத் தண்ணீர் நிற்கும். மூன்று வாரம் ஊர் தனித்தீவு. பழைய மரப்பாலம் அடித்துப் போய்ப் பதினோரு வருடம் ஆயிற்று. பதினோரு ஏப்ரலிலும் அந்த ஊரிலிருந்து வந்த காகிதத்தில் முதல் வரி ஒன்றுதான்: பாலம்.

நான் அந்த வரியை ஒரு வருடமும் வெட்டவில்லை. மேலே கொண்டுபோனேன். பாலத்துக்கு வரைபடமும் மதிப்பீடும் வேண்டும் என்றார்கள். அதைத் தயாரிக்கவே ஒரு வருட பட்ஜெட் ஆனது. தயாரித்தோம். பணம் இல்லை என்றார்கள். மூன்று வருடம் ஆனதும் மதிப்பீடு காலாவதி ஆகிவிட்டது, புதிதாகப் போடுங்கள் என்றார்கள். போட்டோம். இப்படியே இரண்டு மதிப்பீடுகள் என் அலமாரியில் செத்துக் கிடக்கின்றன. மூன்றாவது உயிரோடு இருந்தது.

பாலம் இல்லாத ஊர் என்பதால் துஸ்திபுலாக்குக்கு ஒரு சலுகை உண்டு. மார்ச் கடைசியில் மோட்டார் படகு ஒன்றும், மீட்புப் படையிலிருந்து இரண்டு பேரும் அங்கே போய்த் தங்குவார்கள். பிரசவம், மாரடைப்பு எதுவானாலும் இருபது நிமிடத்தில் இந்தக் கரைக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். அந்தப் படகை வைத்துத்தான் அந்த ஊர் ஏப்ரலைத் தாண்டியது.

என் தங்கை ஸாகிரா வாக்கப்பட்டது அந்த ஊரில். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள், அங்கே பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவள் புருஷன் கைசார் டிராக்டர் ஓட்டுகிறவன், பேச்சு குறைவு, மனசு தங்கம். கல்யாணமாகிப் பதிமூன்று வருடம். நாலு தடவை கரு தங்கிக் கலைந்தது. போன வருடம் நவம்பரில் போன் செய்தாள்.

“அக்கா, மூணு மாசம் தாண்டிருச்சு.”

நான் போனை மறு காதுக்கு மாற்றிப் பிடித்தேன்.

“என்ன, லைன்ல இருக்கியா? இல்ல இதையும் பட்ஜெட்ல வெட்டிட்டியா?”

“வாயக் கழுவுடி. டாக்டர் என்ன சொன்னாங்க?”

“மே மாசம் நடுவுலயாம். எல்லாம் நல்லாருக்குன்னாங்க. யாருகிட்டயும் சொல்லாத, கண்ணு பட்டுரும்.”

நான் அலுவலகக் கதவைச் சாத்திவிட்டு அழுதேன். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு வந்த நல்ல அழுகை அது.

அதே வாரம்தான் பணமும் வந்தது.

வேறொரு மாவட்டத்தில் விளையாட்டு அரங்கம் கட்டத் தந்த முப்பத்தெட்டுக் கோடி தெங்கே பணத்தை அவர்களால் செலவழிக்க முடியவில்லை. மாகாணம் அதைப் பிடுங்கி எங்கள் தலையில் போட்டது. நவம்பர் இருபத்தொன்றாம் தேதி. வெளியே மைனஸ் இருபத்தெட்டு. மாவட்டத்தை ஆள்கிற அகிம் என்னைக் கூப்பிட்டனுப்பினார். சாகிந்திக் என்பது அவர் பெயர். பெரிய மனுஷர் பெயரைப் பாதியில் ஒடித்து ‘கே’ சேர்ப்பது எங்களிடம் மரியாதை. அதனால் எல்லாருக்கும் அவர் சாக்கே. அறைக்குள் கான்ட்ராக்டர் ஒராஸ்பெக் ஏற்கெனவே உட்கார்ந்து பால் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

“ஷோல்பான் அக்கா, பாலம் பாலம்னு பதினோரு வருஷமா உசிர எடுத்தீங்கல்ல. இந்தாங்க, வந்துருச்சு” என்றார் சாக்கே.

“அஞ்சு வாரத்துலயா சாக்கே? இந்தக் குளிர்ல கான்கிரீட் போட்டா ரொட்டி மாதிரி உதிரும்.”

“அப்ப திருப்பி அனுப்பட்டா?”

திருப்பி அனுப்பினால் என்ன ஆகும் என்று அந்த அறையிலேயே என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை.

“திருப்பி அனுப்புனா அடுத்த வருஷம் முப்பத்தெட்டுக் கோடி குறையும். மதிப்பீடும் ஜூலைல காலாவதி ஆயிரும். அப்புறம் உங்க பாலம் உங்க பேரன் காலத்துலதான்” என்றார்.

ஒராஸ்பெக் டீக் கோப்பையைக் கீழே வைத்தான். “அக்கா, பள்ளிக்கூடக் கூரைய எப்படிப் பண்ணோம்? டிசம்பர்ல முடிஞ்சதுன்னு கையெழுத்துப் போட்டீங்க. பிப்ரவரில நான் போட்டுக் குடுத்தேன். ஒரு சொட்டு ஒழுகுச்சா?”

“ஒழுகல.”

“பின்ன? இதும் அப்படித்தான். பணத்த வருஷத்துக்குள்ள இறக்கிருவோம். தூணுக்கான இரும்பு ஜனவரில வரும். தண்ணி வர்றதுக்கு முன்னாடி மாடு போற மாதிரியாச்சும் ஒரு பாலம் நிக்கும். மே மாசம் லாரி போகும். என் ஆத்தா மேல சத்தியம்.”

இதைத் திருட்டு என்று நினைக்காதீர்கள். எங்களுக்கு இது ஒரு பழக்கம். கட்டுவது கோடையில், பணம் வருவது குளிரில். இரண்டையும் கோத்துவிட ஒரு பொய்க் கையெழுத்து வேண்டியிருக்கிறது. மாகாணத்தில் இருப்பவர்களுக்கும் அது தெரியும். பாதிப் பள்ளிக்கூடங்களும் ஆஸ்பத்திரிகளும் இப்படிக் காகிதத்தில் முதலில் பிறந்து பிறகுதான் தரையில் நின்றன. திருடுகிறவனும் இதே வழியில்தான் போகிறான் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

டிசம்பர் இருபத்தேழாம் தேதி ‘துஸ்திபுலாக் பாலம், வேலை நூறு சதவீதம் நிறைவு’ என்று கையெழுத்துப் போட்டேன். ஒராஸ்பெக் புகைப்படங்கள்கூடக் கொண்டுவந்திருந்தான். வேறு ஏதோ ஆற்றின் மேல் வேறு ஏதோ பாலம். கைப்பிடிக்கு நீல வண்ணம் அடித்திருந்தார்கள். நான் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அழகாக இருந்தது. உண்மையைச் சொன்னால், அந்தக் கையெழுத்தைப் போடும்போது எனக்குப் பயமே இல்லை. என் தங்கை பிள்ளை அதன் மேல் நடந்து வரும் என்றுதான் நினைத்தேன்.

ஜனவரியில் ஒராஸ்பெக் ஆற்றங்கரையில் ஒரு தகரக் குடிசையைக் கொண்டுபோய் வைத்தான். பிப்ரவரியில் நாலு குழாய்கள் வந்து இறங்கின. அதற்குப் பிறகு அவன் போனை எடுத்தால் இரும்புக் கம்பெனி இன்னும் அனுப்பவில்லை, அனுப்பிவிட்டது, ரயிலில் இருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்று சொன்னான். நான் திட்டினேன். என் திட்டை அவன் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டான். முழுப் பணமும் கைக்குப் போய்விட்டவனை என்ன சொல்லித் திட்டுவது?

மார்ச் இருபத்தாறாம் தேதி, நௌரீஸ் புத்தாண்டு விருந்துக் களைப்பு எல்லாருக்கும் இன்னும் தீராத நாள். மாகாணத்திலிருந்து வெள்ளப் பட்டியல் வந்தது. எந்த ஊருக்குப் படகு, எந்த ஊருக்கு மாவு, எந்த ஊருக்கு மருந்து என்ற பட்டியல். எங்கள் மாவட்டத்தில் எப்போதும் ஐந்து ஊர் இருக்கும். நாலுதான் இருந்தது. மூன்று தடவை மேலிருந்து கீழே படித்தேன். துஸ்திபுலாக் இல்லை.

மாகாணத்தில் அந்தப் பட்டியலைப் போடுகிற அதிகாரிக்குப் போன் செய்தேன்.

“உங்க அறிக்கைதானக்கா” என்றான். “டிசம்பர்ல அனுப்புனீங்க. பாலம் முடிஞ்சது, நூறு சதவீதம். பாலம் இருக்குற ஊரு தானா பட்டியல்லேர்ந்து கழண்டுரும்.”

“தம்பி, எதுக்கும் படகு ஒண்ணு இருக்கட்டுமே. போன வருஷமும் இருந்துச்சுல்ல.”

“பாலம் இருக்குற ஊருக்குப் படகு குடுத்தா தணிக்கைல என் கழுத்துக்கு வரும்க்கா. பாலம் இல்லன்னு ஒரே ஒரு வரி எழுதி அனுப்புங்க. நாளைக்கே படகு கிளம்பும்.”

ஒரு வரி. வெள்ளைத் தாளை எடுத்து முன்னால் வைத்தேன். பேனாவைத் திறந்தேன். பிறகு எழுந்து சாக்கேயிடம் போனேன். அங்கேதான் நான் தோற்றேன். எழுதுகிறவள் யாரிடமும் கேட்கப் போக மாட்டாள்.

அவர் கேட்டுவிட்டுச் சிரிக்கவுமில்லை, கத்தவுமில்லை. “எழுதுங்கக்கா. எழுதிட்டு நீங்க, நான், ஒராஸ்பெக் மூணு பேரும் ஒரே வண்டில போவோம். வழில பேச்சுத் துணையாச்சு.”

“ஊருக்குப் படகு இல்ல, சாக்கே.”

“பத்தே பத்து நாள். இரும்பு ஸ்டேஷனுக்கு வந்துருச்சுன்னு இப்பத்தான் பேசினான். இந்த வருஷம் பனியும் கம்மி. ஆறு எந்திரிக்கவே எந்திரிக்காதுன்னு வானிலைக்காரனே சொல்றான். உங்களுக்கு பென்ஷனுக்கு எத்தன வருஷம் இருக்கு?”

“ஏழு.”

“பாத்துக்கங்க.”

நான் எழுதவில்லை. பயந்தேன். இதற்கு வேறு பெயர் எதுவும் நான் வைத்துக்கொள்ளவில்லை. அன்று மாலையே ஸாகிராவுக்குப் போன் செய்தேன்.

“நீ கிளம்பி இங்க வந்துரு. நாளைக்கே.”

“இப்பவேவா? ஏழு மாசந்தான் ஆகுது. மே ஒண்ணாந்தேதி வர்றேன்னு சொல்லியிருக்கேன்ல. பிள்ளைங்களுக்குப் பரீட்சை இருக்கு. உன் சோபாவுல ஒன்றரை மாசம் உக்காந்து சுவத்தப் பாக்கவா?”

“தண்ணி வந்துட்டா?”

“வந்தா என்ன? அதான் படகு வருமே. ஏன், என்ன விஷயம்?”

மாவட்டம் முழுக்க ஒரே தொலைபேசி இணைப்பகம், பேசுவது யார் காதிலும் விழலாம். படகு வராது என்று நான் சொன்னால் அவள் பக்கத்து வீட்டில் சொல்வாள். ஏன் வராது என்று ஊர் கேட்கும்.

“சும்மாதான்” என்றேன். “உன்னப் பாக்கணும்போல இருந்துச்சு.”

“பாசம் பொங்குது போல” என்று சிரித்தாள். “உன் பாலத்த சீக்கிரம் கட்டு. நானே நடந்து வர்றேன்.”

ஏப்ரல் ஆறாம் தேதி ஆறு எழுந்தது. பனி கம்மி என்றவர்கள் வெயில் இவ்வளவு அடிக்கும் என்று சொல்லவில்லை. ஒன்பதாம் தேதி காலை ஏழே முக்காலுக்கு அந்த ஊர் நர்ஸ் குல்பாஷ் போன் செய்தாள். “ஷோல்பான், உன் தங்கச்சிக்கு ஏழு மணிலேர்ந்து வலி. ரத்தம் போகுது. இது சாதாரண ரத்தம் இல்ல. வயிறு கல்லு மாதிரி இருக்கு. படகு எங்க?”

படகு தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி, பட்டியலில் இருந்த வேறோர் ஊரில் இருந்தது. எல்லாருக்கும் போன் செய்தேன். ஹெலிகாப்டர் காற்று அடங்கினால் வரும் என்றார்கள். படகை லாரியில் ஏற்றிவிட்டோம் என்றார்கள். சேற்றில் லாரி மணிக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல் ஓடாது என்று எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். நான் ஆம்புலன்ஸ் டிரைவர் பக்கத்தில் ஏறி ஆற்றங்கரைக்குப் போனேன்.

அந்தக் கரையில் ஆட்கள் புள்ளி புள்ளியாகத் தெரிந்தார்கள். ஒரு டிராக்டர் தண்ணீருக்குள் இறங்கியது. பின்னால் வண்டித் தொட்டியில் போர்வைகள். கைசார்தான் ஓட்டுகிறான் என்று முகம் தெரியாமலே எனக்குத் தெரிந்தது. இருநூறு அடி வந்திருக்கும், எஞ்சின் வரை தண்ணீர் ஏறி நின்றுவிட்டது. ஆட்கள் கயிறு கட்டி இழுத்துக் கரைக்குத் திரும்பக் கொண்டுபோனார்கள். இந்தப் பக்கம் ஒராஸ்பெக்கின் தகரக் குடிசையைத் தண்ணீர் முட்டிக்கொண்டிருந்தது. நான் அவனைச் சபித்தேன். சாக்கேயைச் சபித்தேன். சபிக்கச் சபிக்க, என் கையெழுத்துதான் கண்ணுக்கு முன்னால் வந்தது.

படகு ஒன்றே காலுக்கு வந்தது. இரண்டு மணிக்கு ஸாகிரா இந்தக் கரையில் இருந்தாள். பிள்ளை ஆண். உள்ளேயே எப்போதோ இறந்துவிட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் அவள் உயிரைக் காப்பாற்றக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். நான் நடைபாதையில் நின்றேன். கைசார் இடுப்பு வரை ஈரமாகச் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்து, “அக்கா, டிராக்டர் போயிரும்னு நெனச்சேன்” என்றான். அதையே மறுபடியும் மறுபடியும் சொன்னான்.

அந்த ஒரு வரியை ஏப்ரல் இருபதாம் தேதி எழுதினேன். பாலம் கட்டப்படவில்லை, கட்டியதாக நான் கையெழுத்துப் போட்டேன், என் பெயர் இன்னது என்று எழுதி மாகாணத்துக்கு அனுப்பினேன். ஜெயிலுக்கு ஒரு பையைக்கூடக் கட்டிவைத்தேன்.

மே கடைசியில் மூன்று பேர் கொண்ட குழு வந்தது. சாக்கே அவர்களுக்குக் குதிரைக்கறி போட்டு, ஆற்றைக் காட்டி, திரும்ப அழைத்துவந்தார். மூவரில் மூத்தவர் நல்ல மனுஷர், நரைத்த மீசை. என்னைத் தனியாக உட்கார வைத்துப் பேசினார்.

“உங்க கடிதத்த நான் படிச்சேன்மா. பதிவுல ஏத்தல. ஏத்துனா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். கேஸ் அஞ்சாறு வருஷம் ஓடும். அதுவரைக்கும் அந்த ஆத்துல ஒரு ஆணி அடிக்க முடியாது. முப்பத்தெட்டுக் கோடிய உங்க மாவட்ட பட்ஜெட்லேர்ந்துதான் பிடிப்பாங்க. எதுலேர்ந்து பிடிப்பீங்க? பள்ளிக்கூட நிலக்கரிலேர்ந்தா?”

“கான்ட்ராக்டர்கிட்டேர்ந்து பிடிங்க.”

“அவன் கம்பெனியே இல்லம்மா இப்ப. மார்ச்லயே மூடிட்டான்.” மீசையைத் தடவினார். “வேற வழி இருக்கு. வெள்ளம் வந்துச்சுல்ல? பாலம் இருந்துச்சு, வெள்ளத்துல போயிருச்சு. இயற்கைப் பேரிடர். பேரிடர் நிதிலேர்ந்து புதுப் பாலம் கேக்கலாம். மதிப்பீடு வேணாம், வரிசை வேணாம். பாலம் இருந்ததப் பாத்தோம், போனதப் பாத்தோம்னு ஊர்க்காரங்க ஏழு பேரு கையெழுத்துப் போடணும். அதுல ஒண்ணு பாதிக்கப்பட்ட குடும்பமா இருக்கணும்.”

நான் அவரை அடிக்கவில்லை. ‘பாலம் வருமா?’ என்று கேட்டேன். வர வாய்ப்பு இருக்கிறது என்றார். இருபத்தாறு வருடம் இந்த வேலை பார்த்தால் வாய்ப்பு என்ற சொல்லுக்கு எவ்வளவு குறைந்த விலை என்று தெரிந்துவிடும். தெரிந்தும் நானே உட்கார்ந்து அந்தச் சான்றைத் தயாரித்தேன். பாலம் போன தேதி, நேரம் என்று ஒரு கட்டம் இருந்தது. ஆற்றின் அளவுகோல் பதிவைப் பார்த்து, தண்ணீர் உச்சத்தைத் தொட்ட நேரத்தைப் போட்டேன். ஏப்ரல் ஒன்பது, காலை பதினோரு மணி. எப்போதும் அப்படித்தான் போடுவோம். யோசிக்காமல் போட்டேன்.

ஆகஸ்ட் கடைசியில் துஸ்திபுலாக்குக்குப் போனேன். ஆறு கணுக்கால் அளவு. ஜீப் தூசி கிளப்பிக்கொண்டு கடந்தது. ஆறு வீட்டில் ஆறு கையெழுத்து. யாரும் அதிகம் பேசவில்லை. இருந்தது என்று சொன்னால்தான் கிடைக்கும் என்பது அவர்களுக்குப் புரிந்தது. குல்பாஷ் மட்டும் கையெழுத்துப் போட்டுவிட்டு, “ஏழாவதுக்கு எந்த வீட்டுக்குப் போறேன்னு எனக்குத் தெரியும். போய்த் தொல” என்றாள்.

ஸாகிரா டீ ஊற்றினாள். பால், அப்புறம் டீ, எனக்குப் பிடித்த மாதிரி கொஞ்சமாக உப்பு. உடம்பு பாதியாக இருந்தாள். நான் கோப்பையைத் தொடவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். டிசம்பர் கையெழுத்து, மார்ச் பட்டியல், எழுதாத வரி. அவள் நடுவில் ஒரே ஒரு தடவைதான் பேசினாள்.

“அப்ப அன்னிக்கு போன்ல சும்மாதான்னு சொன்னியே, அது இதானா?”

“ஆமா.”

“சொல்லியிருந்தா வந்திருப்பேன்க்கா.”

நான் பையைத் திறந்து சான்றை எடுத்தேன்.

காகிதத்தை அவள் பக்கம் தள்ளினேன். கணக்கு டீச்சர், எதையும் முழுசாகப் படிக்காமல் விட மாட்டாள். விரலை வைத்து வரி வரியாகப் படித்தாள். ஒரு கட்டத்தில் விரல் நின்றது.

“பதினோரு மணி?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“எனக்கு வலி எடுத்தது ஏழு மணிக்கு” என்றாள். “பதினோரு மணி வரைக்கும் பாலம் நின்னுருக்கு.”

“ஸாகிரா, அது அளவுகோல் நேரம். நான் பாக்காமப் போட்டுட்டேன். மாத்திடுறேன். அஞ்சு மணின்னு போட்டுர்றேன். கொண்டா.”

“ஆறு பேரு போட்டுட்டாங்களே. மாத்துனா செல்லுமா?”

செல்லாது. அடித்துத் திருத்திய சான்றை மாகாணம் வாங்காது. அதை என் முகத்திலேயே அவள் படித்துக்கொண்டாள்.

“இதுல போட்டா பாலம் வருமா?”

“தெரியலடி.”

“பக்கத்து வீட்டு மருமக முழுகாம இருக்கா. அவளுக்கு மார்ச்சு கடைசியாம்.” பேனாவைக் கேட்டுக் கையை நீட்டினாள். “வேணாம், விடு, நான் வேற யாரையாச்சும்...” என்று நான் சொல்லச் சொல்ல, பள்ளிக்கூடப் பிள்ளைகள் நோட்டில் போடுவது போலத் தெளிவாகத் தன் முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு என்னிடம் தராமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கைசார் வெளியிலிருந்து வந்து வாசலில் பூட்ஸைக் கழற்றினான். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான். பிறகு, “என்ன காகிதம்?” என்று கேட்டான்.

“அன்னிக்கு பாலம் இருந்துச்சாம், கைசார்” என்றாள் ஸாகிரா. “பதினோரு மணி வரைக்கும். நாமதான் அதுல போகாம இருந்துட்டோம்.”